நடுக்கத்தை யார் வாங்குவது?
பழைய லாரிக்கு இன்ஜின் மவுண்டிங் தேர்ந்தெடுத்த கதை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன மாதம் சங்கச் செயலாளர் போன் செய்து, "தலைப்பு என்ன?" என்று கேட்டார். "இன்ஜின் மவுண்டிங்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "தம்பி, நம்ம பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்திருக்கிறார்கள். 72.5 மீட்டர் நீளத்துத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. அதைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் ரசிப்பார்களே" என்றார். நியாயமான யோசனைதான். ஆனால் பாலத்தைப் பற்றிப் பேச நம் சங்கத்தில் என்னைவிடத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் தப்பு செய்த விஷயத்தைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது. அதனால் என் கையில் இருக்கும் இந்தக் கட்டையைப் பற்றியே பேசுகிறேன்.

மஞ்சளாக, சோப்புக் கட்டி மாதிரி இருக்கிற இது ஒரு பாலியூரித்தேன் கட்டை. லாரி இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வைப்பதற்காக நானே அளவு கொடுத்து வார்த்து வாங்கியது. இதனால் என் தாய்மாமாவுக்கு ஒரு லோடு இறால் போச்சு.

மாமாவுக்கு ஊர் பாம்பன். ஒரே ஒரு லாரி, நாலு சிலிண்டர் டீசல் வண்டி. ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் இறால், கணவாய், நண்டு ஏற்றி, ஐஸ் அடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராத்திரியோடு ராத்திரியாகத் தூத்துக்குடிக்குப் போய், விடியும் முன் இறக்கிவிட வேண்டும். 2019இல் அந்த வண்டி ஆறு லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தது. அத்தை அதை "மூத்த பிள்ளை" என்றுதான் சொல்வார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். படகுக்குப் பழுது பார்க்கும் காலம் அது. மீன் லாரிக்கும் அதேதான். அந்த வருஷம் நான் லீவில் வந்திருந்தேன். மாமா சொன்னார்: "மாப்ள, ஐடிலிங்ல வண்டி சாமியாடுது. கிளட்ச்சை விட்டா குதிரை மாதிரி குதிக்குது. மூணாவது கியர் தானா வெளிய வந்துருது. ராமநாதபுரத்துல பாய் பாத்துட்டு, மவுண்டிங் ரப்பர் நாலும் போச்சு, கம்பெனி ரப்பரா மாத்துங்கன்னு சொல்றாக. நீ படிச்சவன், என்ன சொல்ற?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பாய் சொன்னதைச் செய்யுங்கள் மாமா" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சென்னைக்குப் பக்கத்தில் உதிரிபாகத் தொழிற்சாலையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவன் அப்படிச் சொல்லிவிடுவானா? வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். முன் ரப்பர் இரண்டும் அமுங்கிப் பிளந்து, எண்ணெயில் ஊறிப் புளித்த மாவு மாதிரி உப்பியிருந்தன. பின்னால் கியர் பாக்ஸ் பக்கத்து ரப்பர் இரண்டும் பார்வைக்குப் பரவாயில்லை. "ரப்பர் ஏன் போச்சு? மெதுவாக இருந்ததால் போச்சு. எண்ணெய்க்கு அசையாத, கெட்டியான கட்டையாகப் போட்டால் ஆயுசுக்கும் போகாது" என்று முடிவு கட்டினேன். எனக்கு ஒரு ஆதாரமும் கிடைத்தது. நம்ம ஊர் விசைப்படகில் லாரி இன்ஜினைத்தானே போடுகிறார்கள்? அதை மரத்தின் மேல் நேராக போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். ரப்பரா இருக்கிறது? படகு ஓடவில்லையா?

அப்படி வந்ததுதான் இந்த மஞ்சள் கட்டை. கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் இன்ஜின் மவுண்டிங் ரப்பர்கள் பொதுவாக 40 முதல் 70க்குள் இருக்கும். இது 90. முன்னால் இரண்டை மட்டும் மாற்றினோம். பின்னால் பழையதே இருக்கட்டும், காசு மிச்சம் என்றேன். பாய் ஒரு தடவை என்னைப் பார்த்தார். "உங்க வண்டி, உங்க இஷ்டம் தம்பி" என்று சொல்லி மாட்டிக் கொடுத்தார்.

முதல் நாள் மாமாவுக்கு ஒரே சந்தோஷம். கியர் கச்சிதமாக விழுகிறது, குதிப்பு இல்லை. இரண்டாவது வாரம் போனில், "கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி ரெண்டு ரெண்டாத் தெரியுது மாப்ள" என்றார். மூன்றாவது வாரம் ஹெட்லைட் தாங்கியில் விரிசல். "பழைய வண்டி மாமா" என்று நான் சமாதானம் சொன்னேன். ஆகஸ்டில் ஒரு ராத்திரி, சாயல்குடி தாண்டி ரேடியேட்டரைப் பிடித்திருக்கும் தாங்கி ஒடிந்தது. அடித் தொட்டியின் பற்றவைப்பு விட்டுப் போய்த் தண்ணீர் முழுவதும் ரோட்டில். கிளீனர் பையன் சோப்பைக் குழைத்து அடைத்துப் பார்த்தான், நிற்கவில்லை. வேறு ரேடியேட்டர் வந்து மாட்ட ஒன்பது மணி நேரம் ஆயிற்று. ஐஸ் ஒரு ராத்திரிக்குக் கணக்குப் பண்ணி அடித்தது. மறுநாள் வெயிலுக்கு அது எப்படிக் காணும்? மத்தியானம் கொண்டுபோய் நிறுத்தினால், ஏற்றுமதிக்கு ஆகாது என்று இறாலைத் திருப்பிவிட்டார்கள். கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று.

மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்த லோடு நஷ்டத்தில் பாதியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா வாங்க மறுத்துவிட்டார். அத்தை வாங்கிக் கொண்டார். அத்தை செய்ததுதான் சரி.

மறுநாள் பாய் பட்டறைக்குப் போனேன். அவர் பேசவே இல்லை. என்னுடைய கட்டையையும் ஒரு புதுக் கம்பெனி ரப்பரையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அமுக்கிப் பாருங்க" என்றார். அமுக்கினேன். பிறகுதான் சொன்னார்: "தம்பி, டீசல் இன்ஜின் நடுங்காம இருக்காது. அந்த நடுக்கத்தை யாராச்சும் ஒருத்தர் வாங்கணும். ரப்பர் வாங்கலைன்னா இரும்பு வாங்கும். ரப்பர் சாகுறதுக்குன்னே இருக்கிறது. அது செத்தா மாத்திக்கலாம்."

அன்று ராத்திரி வீட்டுப் பரணிலிருந்து மூன்றாம் ஆண்டு அதிர்வியல் நோட்டை எடுத்தேன். மாணவர்களே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். பரீட்சையில் இதே கணக்குக்கு எனக்கு முழு மதிப்பெண்.

நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஐடிலிங்கில் 600 ஆர்.பி.எம். என்றால் வினாடிக்கு 10 சுற்று, 20 உதைப்பு. அதாவது 20 ஹெர்ட்ஸ். இன்ஜின் தன் எடையில் ரப்பரை எவ்வளவு அமுக்குகிறதோ, அதை வைத்து அதன் இயல்பு அதிர்வெண்ணைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். 15.8ஐ, மில்லிமீட்டரில் அந்த அமுக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். ரப்பர் 4 மில்லிமீட்டர் அமுங்கினால் சுமார் 8 ஹெர்ட்ஸ். என் கட்டை மாதிரி 1 மில்லிமீட்டர்தான் அமுங்கும் என்றால் சுமார் 16 ஹெர்ட்ஸ்.

இப்போது விதி என்ன? உதைப்பின் அதிர்வெண், இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.41 மடங்குக்கு மேல் இருந்தால்தான் மவுண்டிங் நடுக்கத்தைக் குறைக்கும். அதற்குக் கீழே இருந்தால் குறைக்காது, கூட்டும். கம்பெனி ரப்பருக்கு அந்த எல்லை 11 ஹெர்ட்ஸ். 20 அதைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது. என் கட்டைக்கு எல்லை 22. அதாவது ஐடிலிங்கில் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும், என் கட்டை நடுக்கத்தைப் பெருக்கி சேஸிஸுக்கு அனுப்பிக் கொண்டிருந்தது. தணிப்பைக் கணக்கில் எடுக்காமல் போட்டுப் பார்த்தால், நல்ல ரப்பர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கடத்துகிறது. கட்டை ஒன்றரை மடங்குக்கு மேல் கடத்துகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்பது மடங்கு! மீன் ஏற்றும் வண்டி ஏலக்கூடத்து வாசலில் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்கும். ரேடியேட்டர் தாங்கி ஒடியாமல் என்ன செய்யும்?

அப்படியானால் விசைப்படகு எப்படித் தாங்குகிறது? படகில் இன்ஜினிலிருந்து பின்னால் போகும் தண்டு, நேர்கோட்டில் ஒரு குழாய் வழியாகத் தண்ணீருக்குள் போகிறது. இன்ஜின் அசைந்தால் தண்டு கோணி, தாங்கி தேயும். அதனால் அங்கே அசையாமல் பிடிக்க வேண்டிய கட்டாயம். அதற்கு ஈடு கொடுக்கக் கனமான மரக்கட்டைகளும் மொத்தப் படகும் இருக்கின்றன. லாரியில் புரொப்பல்லர் ஷாப்டுக்கு இரண்டு முனையிலும் மூட்டு உண்டு, நீளச் சுருங்கவும் வழி உண்டு. இன்ஜின் கொஞ்சம் அசையட்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஒரே இன்ஜின்தான், இருக்கிற இடம் வேறு. நான் இன்ஜினைப் பார்த்தேன், இடத்தைப் பார்க்கவில்லை.

ஆதிகாலத்து மோட்டார் வண்டிகளிலும் இன்ஜினைச் சட்டத்தில் இறுக்கித்தான் போல்ட் போட்டார்கள். 1931இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி, பிளைமவுத் காரில் ரப்பர் மேல் இன்ஜினை மிதக்க விட்டு, "மிதக்கும் சக்தி" என்ற பொருள்பட விளம்பரம் செய்தது. நாலு சிலிண்டர் வண்டி ஆறு சிலிண்டர் மாதிரி ஓடியது. பிரான்சில் சித்ரோவன் கம்பெனி அந்த உரிமையை வாங்கி, தன் கார்களுக்கு ஒரு மிதக்கும் அன்னத்தையே சின்னமாகப் போட்டது. நான் அந்த அன்னத்தைப் பிடித்துக் கழுத்தைத் திருகி, மறுபடியும் 1930க்கு முன்னால் கொண்டுபோய் விட்டேன்.

"அப்படியானால் இன்னும் மெதுவான ரப்பராகப் போட்டால் இன்னும் நல்லதா சார்?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். அதுவும் கூடாது. இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே உடம்பு. அதனால் கியரில் பெருகி வெளியே வரும் முறுக்கு விசைக்கும் இந்த ரப்பர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 400 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜின், முதல் கியரில் ஆறு மடங்கு என்றால் 2400. இடது வலது ரப்பர்களுக்கு நடுவே 60 சென்டிமீட்டர் இருந்தால், ஒரு பக்கம் 400 கிலோ கூடுதலாக அமுக்கும், மறுபக்கம் 400 கிலோ தூக்கும். லோடோடு மேடு ஏறும்போது நடப்பது இது. ரப்பர் தளர்ந்திருந்தால் இன்ஜின் சாய்ந்து, ஃபேன் கூண்டில் உரசும், ஹோஸ் இழுபடும், கியர் தானாக வெளியே வரும். மாமா முதலில் சொன்ன புகார் அத்தனையும் இதுதான். நடுங்கும்போது மெதுவாகவும், முறுக்கும்போது கெட்டியாகவும் இருக்க வேண்டும் என்ற இரண்டு கெட்டான் வேலை ரப்பருடையது. அதற்காகத்தான் அதைச் சாய்த்து வைக்கிறார்கள், உள்ளே வெற்றிடம் விடுகிறார்கள், தடுப்பு வைக்கிறார்கள். ரப்பரைத் தகடுகளுக்கு நடுவில் அமுக்கினால் கெட்டி, பக்கவாட்டில் வழுக்க விட்டால் மெது. ஆகவே போல்ட் ஓட்டையும் உயரமும் ஒத்துப் போகிறது என்பதற்காக ஒரு மவுண்டிங்கை வாங்கிவிடக் கூடாது. வடிவம் மாறினால் குணம் மாறிவிடும்.

பாயிடமும் நோட்டிடமும் நான் கற்றுக் கொண்டதை, லாரி, வேன், டிராக்டர் வைத்திருக்கும் நம் நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில், கோளாறு மவுண்டிங்கில்தானா என்று பாருங்கள். ஒரு இன்ஜெக்டர் சரியாக அடிக்காவிட்டாலும், கிளட்ச் போனாலும், புரொப்பல்லர் மூட்டு தேய்ந்தாலும் வண்டி நடுங்கும். கடப்பாரையால் மெல்ல நெம்பினால் ரப்பர் தகட்டை விட்டுப் பிரிகிறதா, அமுங்கி இரும்போடு இரும்பு முட்டுகிறதா என்று தெரியும்.

இரண்டாவது, ரப்பரைக் கொன்றது யார் என்று கண்டுபிடியுங்கள். மவுண்டிங்குக்குப் பெரும்பாலும் இயற்கை ரப்பரைத்தான் போடுகிறார்கள், ஓயாத உழைப்பைத் தாங்குவதில் அது கெட்டிக்காரன். எண்ணெயும் டீசலும்தான் அதற்கு எமன். மாமா வண்டியில் எண்ணெய் கசிவு ஒன்று இருந்தது. அதை அடைக்காமல் ரப்பரை மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே கதை. இன்னொரு எமனை நாமே கூலி கொடுத்துக் கூப்பிடுகிறோம். கடற்கரை வண்டி துருப்பிடிக்கக் கூடாதென்று வாட்டர் சர்வீஸில் அடிப்பாகம் முழுக்கப் பழைய ஆயில் அடிக்கச் சொல்கிறோமே, அது மவுண்டிங் மேலும் விழுகிறது. ஆயில் அடிக்கும் முன் மவுண்டிங்குகளைப் பாலிதீன் பையால் கட்டி மூடுங்கள்.

மூன்றாவது, உப்பு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. நம் காற்று அப்படி. அதோடு மீன் வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வேறு சொட்டிக் கொண்டே இருக்கும். ரப்பர் ஒட்டியிருக்கும் தகட்டின் ஓரத்தில் துரு ஆரம்பித்து, உள்ளே ஊர்ந்து, ஒட்டைப் பிரித்துவிடும். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மாட்டும்போது தாங்கியைச் சுரண்டிப் பெயிண்ட் அடியுங்கள். துருப்பிடித்த பழைய போல்ட்டை மறுபடியும் போடாதீர்கள்.

நான்காவது, நாலையும் சேர்த்து மாற்றுங்கள். புதியது நிமிர்ந்து நிற்கும், பழையது அமுங்கிக் கிடக்கும். இன்ஜின் கோணலாக உட்கார்ந்தால், புதியதின் ஆயுசும் பாதி. நான் மிச்சம் பிடித்த காசு இந்த ரகம்தான்.

ஐந்தாவது, வண்டிக்கு உரிய பாக எண்ணைச் சொல்லி, கம்பெனி ரப்பரோ, அதே குணத்தோடு செய்யும் நம்பகமான தயாரிப்போ வாங்குங்கள். கடை வாசலில் வெயிலில் தொங்கும் ரப்பர் வேண்டாம். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். லேசாக வளைத்தால் மேலே பொடி வெடிப்பு தெரிகிறதா, தகட்டு ஓரத்தில் ஒட்டு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆறு லட்சம் ஓடிய வண்டிக்கு ஏன் கம்பெனி சாமான் என்று கேட்பார்கள். புது வண்டியின் தாங்கி கொஞ்சம் நடுக்கத்தைப் பொறுக்கும். பழைய வண்டியின் இரும்பு ஏற்கெனவே களைத்துப் போயிருக்கிறது. அதற்குத்தான் நல்ல ரப்பர் அதிகம் தேவை.

ஆறாவது, போல்ட்டை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். தளர்வாகப் போட்டு, இன்ஜினை இறக்கி, கொஞ்ச நேரம் ஓட விட்டு, அது தானாக உட்கார்ந்த பிறகு சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை. கடைசியாக, இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே போகும் எர்த் பட்டையைப் பாருங்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அந்தப் பட்டை துருப்பிடித்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் வேறு வழி தேடி, ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகக்கூடப் போய் அதைச் சுட்டுவிடும்.

மாமா வண்டிக்கு அந்தச் செப்டம்பரில் நாலு கம்பெனி ரப்பரும் போட்டோம். கசிவை அடைத்தோம். பாய் கூலி வாங்கினார், ஆனால் என்னிடம் ஒரு டீயும் கேட்டு வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு மூன்று தடைக்காலம் அந்த ரப்பர்களை ஒன்றும் செய்யாமலே கடந்தது. மாமா இப்போது வண்டியைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். இன்று இங்கே வருவதற்கு முன் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். "எதைப் பத்திப் பேசப் போற?" என்றார். சொன்னேன். "எறாலு கதையையும் சொல்லுவியா?" என்றார். "சொல்லுவேன் மாமா" என்றேன். "அப்ப சரி" என்றார்.

மாணவச் செல்வங்களே, எனக்குக் கணக்குத் தெரியாமல் இந்தத் தப்பு நடக்கவில்லை. கணக்குத் தெரியும், போடவில்லை. பாய்க்கு விஷயம் தெரியும், நான் கேட்கவில்லை. ஒரு பக்கத் தாளில் பத்து நிமிஷக் கணக்கு, பட்டறையில் ஒரு டீ நேரப் பேச்சு. இரண்டில் ஒன்றைச் செய்திருந்தாலும் அந்த லோடு தூத்துக்குடி சேர்ந்திருக்கும். நாளைக்கு உங்களிடமும் ஒரு மாமா வந்து, "நீ படிச்சவன், என்ன சொல்ற?" என்று கேட்பார். பதில் சொல்வதற்கு முன் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இந்த மஞ்சள் கட்டையையும், ஒடிந்துபோன அந்த ரேடியேட்டர் தாங்கியையும், பாய் கொடுத்த பழைய கம்பெனி ரப்பர் ஒன்றையும் நம் துறையின் அதிர்வியல் ஆய்வகத்துக்கு இன்று ஒப்படைக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மூன்றையும் கையில் வாங்கி, அமுக்கிப் பார்த்துவிட்டு, பிறகு அந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று துறைத்தலைவர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன்.